தேய்க்காமல் கழுவுவோம்

பாத்திரம் துலக்கத் தெரிந்தவருக்குக் கார் கழுவத் தெரியாதா என்று கேட்பவர் உண்டு. உண்மையில், நன்றாகப் பாத்திரம் துலக்கும் கைதான் காருக்கு முதற்பகை. பித்தளைக் குடத்தைப் புளியும் மண்ணும் இட்டு அழுத்தித் தேய்த்தால் அது பொன்போல் மின்னும். காரை அவ்வாறு தேய்த்தால் அன்று மின்னும்; ஓராண்டில் மங்கிப் போகும். இவ்வேறுபாடு ஏன் என்பதையும், ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வீட்டு வாசலிலேயே, சில வாளி நீரில், அதன் மேனிக்குத் தீங்கின்றிக் கழுவுவது எங்ஙனம் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

விடுதியில் சைக்கிள் நிறுத்தவே இடம் தேடும் நமக்கு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் நகைக்கலாம். பெங்களூரில் வாழும் என் அத்தானிடம் போர்ஷே நிறுவனத்தின் ‘பாக்ஸ்டர்’ என்னும் கார் ஒன்று இருக்கிறது. இருவர் மட்டுமே அமரக் கூடியது. கூரையை மடித்துத் திறந்து கொள்ளலாம். மூன்று ஆண்டுகளாக அதைக் கழுவும் பொறுப்பு என்னைச் சேர்ந்தது. இரசாயனம் படிப்பவனுக்கு அந்தக் கார் ஒரு நல்ல பாடப் புத்தகம். அதில் கற்றவை மோட்டார் சைக்கிளுக்கும், தலைக்கவசத்தின் கண்ணாடிக்கும், நம் மூக்குக் கண்ணாடிக்குங்கூடப் பொருந்தும்.

காரின் மேனி

காரின் நிறம் ஒரே பூச்சு அன்று. எஃகுத் தகட்டின்மேல் முதலில் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் மேடுபள்ளத்தை நிரவும் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலாக ‘கிளியர் கோட்’ என்று தொழிற்கூடத்தார் சொல்லும் நிறமற்ற மேற்பூச்சு. இவை அனைத்தும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான் கனந்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் பருமன் உடையது. கிளியர் கோட்டோ 40 அல்லது 50 மைக்ரான் மட்டுமே. அதாவது, காரின் பளபளப்பு முழுவதும் ஒரு மயிரிழையினும் மெல்லிய படலத்தில் அடங்கியிருக்கிறது. சூரியனின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து நிறத்தைக் காப்பதும் இப்படலமே.

இப்படலம் ஒரு வகைப் பிளாஸ்டிக். சாலைத் தூசியில் கலந்திருக்கும் மணலோ பெரும்பாலும் குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸ் 7 என்னும் இடத்தில் நிற்கிறது. சாளரக் கண்ணாடியே 5½ அளவில்தான் நிற்கிறது. கண்ணாடியைக் கீறக் கூடிய துகள் பிளாஸ்டிக்கைக் கீறாமல் விடுமா? தூசி படிந்த காரின்மேல் துணியை வைத்து இழுப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும், அளவில்தான் வேறுபாடு.

மூக்குக் கண்ணாடி அணிந்த நண்பர்களுக்கு இது புதிதன்று. வகுப்பில் அமர்ந்தபடியே சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து, ஈராண்டில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும் நிலைக்கு வந்திருப்பார்கள். காரிலும் அதே ஒளிவட்டம் தோன்றும். கறுப்புக் கார் ஒன்றை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். வட்டமாகத் துடைத்ததனால் வட்டக் கீறல் விழுந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மை அன்று. கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. அவற்றுள் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன; அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. விளக்கை நகர்த்தினால் வட்டமும் உடன் நகர்வதே இதற்குச் சான்று.

ஒரு மாத ஊதியம்

இந்த உண்மை ஒரு மனிதரின் ஊதியத்தோடு தொடர்புடையதாகிவிட்டதை நான் பார்த்தேன். அத்தானின் குடியிருப்பில் விடியற்காலை 5 மணிக்கு வந்து கார்களைத் துடைக்கும் தொழிலாளி ஒருவர் இருக்கிறார், தருமபுரிப் பக்கத்தவர். 20 கார்களை இரண்டு மணி நேரத்தில் துடைத்தாக வேண்டும். புதுக் கறுப்புக் கார் வாங்கிய ஒருவர், சில மாதங்களில் பானெட்டின்மேல் இந்த வட்டக் கோடுகளைக் கண்டு, தொழிலாளி வேண்டுமென்றே கீறிவிட்டதாகச் சொல்லி, அவர்க்குரிய ஒரு மாதப் பணத்தை நிறுத்திவிட்டார்.

நான் அவரிடம் கேட்டேன்: “அண்ணா, துணியை எத்தனை வண்டிக்கு ஒரு தரம் அலசுவீங்க?”

“தண்ணி ஒரு வாளிதான் குடுக்குறாங்க தம்பி. அதுலேயே இருபதும் முடிக்கணும். அஞ்சாவது வண்டிக்கே தண்ணி சேறாயிடும்.”

காரின் உரிமையாளரை அழைத்துக் கைவிளக்கின் ஒளியில் காட்டினேன். வேண்டுமென்று கீறினால் ஆழமான ஒரு கோடு விழும். நகம் அதில் தடுக்கும். இங்கு இருந்தவையோ நகத்துக்குத் தட்டுப்படாத ஆயிரம் மெல்லிய கோடுகள். பானெட்டில் மட்டுமன்றி, கை எட்டிய இடமெல்லாம் இருந்தன. கை எட்டாத கூரையின் நடுவில் மட்டும் இல்லை. நாள்தோறும் துடைத்துத் தரவேண்டும் என்று கேட்டவரும் அவரே. ஒரு வாளி நீரும் ஒரு துணியும் போதும் என்று முடிவு செய்தது குடியிருப்பு. பணம் கைக்கு வந்தது. ஆனால் ‘வேண்டுமென்றே’ என்ற சொல்லை அவர் திரும்பப் பெறவில்லை. பிறகு குடியிருப்பினர் சிலர் கூடி, வாரத்தில் இரண்டு நாள் துடைத்தால் போதும் என்றும், இரண்டு வாளியும் காருக்கு ஒரு துணியும் தரப்படும் என்றும், ஊதியம் குறையாது என்றும் ஏற்பாடு செய்தனர்.

நீரின் கணக்கு

தூசியைத் தேய்க்காமல் அகற்ற எளிய வழி, குழாயைத் திறந்துவிட்டு நீரைப் பாய்ச்சுவது. ரப்பர் குழாயில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் நீர் வரும். 15 நிமிடம் கழுவினால் 150 லிட்டருக்கு மேல் ஓடிப் போகும். பெங்களூரில் இது பெரிய செய்தி. நகரக் குழாயில் வரும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மின்சாரப் பம்புகளால் பல நூறு மீட்டர் மேலேற்றப்பட்டு வருகிறது. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த காவிரித் தீர்ப்பில், பெங்களூரின் குடிநீர், வீட்டுத் தேவைகளுக்கென 4.75 டி.எம்.சி. நீர் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. கார் கழுவுவதும் வீட்டுத் தேவைதானே என்று வாதிடுவோர்க்கு 2024 மார்ச்சில் பதில் கிடைத்தது. கடும் தட்டுப்பாடு வந்த அம்மாதத்தில், குடிநீரால் வண்டி கழுவுவதை நகரக் குடிநீர் வாரியம் தடை செய்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தது. 2025 பிப்ரவரியிலும் அத்தகைய ஆணை மீண்டும் வந்தது. காவிரியின் கடைமடையிலிருந்து படிக்க வந்த நம் மாணவர்க்கு இந்நீரின் மதிப்பை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நான் மழைநீர்த் தொட்டியின் நீரையே எடுக்கிறேன். சிக்கனத்துக்காக மட்டுமன்று, மழைநீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகக் குறைவு. ஆழ்துளைக் கிணற்று நீர் காரின்மேல் காய்ந்தால், நீர் போய்விடும். உப்பு வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளும் நீரைச் சேர்த்துவைத்துக் கழுவுவோரும் உண்டு. அதில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். அது சக்கரத்துக்கு ஆகும், மேனிக்கு ஆகாது.

கழுவும் முறை

வேண்டிய பொருள்கள் இவை: வாளி மூன்று, தோட்டத்தில் மருந்து தெளிக்கும் கைப்பம்பு ஒன்று, பூவாளி ஒன்று, மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, அதே துணியில் பெரிய துவாலை ஒன்று, சக்கரத்துக்கெனத் தனியே ஒரு பிரஷ், கார் ஷாம்பூ. பழைய வேட்டித் துணி வேண்டாம். அதன் நெசவு மட்டமானது; துகள் மேற்பரப்பிலேயே நின்று கீறும். மைக்ரோஃபைபர் இழைகள் பட்டினும் மெல்லியவை; இடையிடையே உள்ள பள்ளங்களில் துகள் ஒதுங்கிக் கொள்ளும்.

துணி துவைக்கும் தூளும் வேண்டாம். அதில் சலவைச் சோடா கலந்திருப்பதால் காரத்தன்மை மிகுதி. பாத்திரம் கழுவும் திரவமோ எண்ணெயோடு மெழுகையும் எடுத்துவிடும். ஷாம்பூவின் மூலக்கூறுக்கு இரு முனைகள். ஒன்று நீரை நாடும், மற்றொன்று எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனைகள் அழுக்கைச் சூழ்ந்து பற்ற, நீரை நாடும் முனைகள் அதை வெளியே இழுத்து மிதக்கவிடுகின்றன. இவ்வேலைக்குச் சில நிமிடங்கள் தேவை. நாம் அந்த நிமிடங்களைக் கொடுக்காமல் கையின் பலத்தைக் கொடுப்பதனால்தான் கீறல் விழுகிறது.

காரை நிழலில் நிறுத்தி, பானெட்டும் பிரேக் டிஸ்க்கும் ஆறும்வரை காத்திருங்கள். சூடான டிஸ்க்கின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் அது கோணக் கூடும். முதலில் சக்கரங்கள், அவற்றின் வாளி, பிரஷ் எதையும் பிறகு மேனிக்குப் பயன்படுத்தலாகாது. அடுத்து, கைப்பம்பில் 5 லிட்டர் ஷாம்பூ நீர் எடுத்துக் கீழிருந்து மேலாக எங்கும் தெளித்து, 4 அல்லது 5 நிமிடம் விடுங்கள், காய விடாதீர்கள். பிறகு அதே பம்பில் 5 லிட்டர் நல்ல நீர் எடுத்து மேலிருந்து கீழாகத் தெளியுங்கள். தூசியின் பெரும்பகுதி இப்போதே, கை படாமலே, இறங்கிவிடும்.

இனித்தான் தொட வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பூ நீர், மற்றொன்றில் வெறும் நீர். கையுறையை ஷாம்பூவில் தோய்த்து, கூரையில் தொடங்கி, அழுத்தாமல், நேர்க்கோட்டில் ஒரு பகுதியை மட்டும் கழுவுங்கள். பிறகு கையுறையை வெறும் நீரில் அலசிப் பிழிந்த பின்னரே மீண்டும் ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். மணல் வெறும் நீர் வாளியின் அடியில் தங்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் சல்லடையைப் போட்டுவைத்தால் மீண்டும் எழும்பாது. கதவின் அடிப்பகுதியும் பின்பக்கமும் மிக அழுக்கானவை. அவற்றைக் கடைசியில் கழுவுங்கள். பின் பூவாளியால் 10 லிட்டர் நீரை மெல்ல ஊற்றினால் நுரை இறங்கிவிடும். துவாலையை விரித்துப் போட்டு, தட்டி, மெல்ல இழுத்து ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

தெளிக்க 10, இரு வாளிகளில் 20, சக்கரத்துக்கு 5, பூவாளியில் 10; ஆகமொத்தம் 45 லிட்டர். வாரந்தோறும் கழுவும் காருக்கு இது போதும். சேறு அப்பிய காருக்குப் போதாது. அதற்குச் சேறு ஊறிக் கரையும்வரை மேலும் நீர் தெளிக்க வேண்டும், சுரண்டக் கூடாது.

ஸ்போர்ட்ஸ் காரின் தனித்தன்மை

பாக்ஸ்டரின் என்ஜின் முன்னால் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. முன்னும் பின்னும் டிக்கிகள். என்ஜினுக்குக் காற்று செல்லும் துளைகள் கதவுகளுக்குப் பின்னே இருபுறமும் உள்ளன. அங்கே அழுத்தமாக நீர் பாய்ச்சலாகாது. ஈரக் கையுறையால் துடைத்தாலே போதும்.

கூரை கனத்த துணியாலானது. மென்மையான பிரஷ்ஷால் ஒரே திசையில் துலக்கி, நன்கு உலர்ந்த பின்னரே மடிக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். கூரை மடியும் இடத்தில் மழைநீர் வடிய இரு பக்கமும் துளைகள் உண்டு. ஜாக்கரண்டா மரங்கள் பூச்சொரியும் பெங்களூர்த் தெருவில் இத்துளைகள் எளிதில் அடைபடும். அடைபட்டால் நீர் உள்ளே புகுந்து, தரைவிரிப்பையும் அடியிலுள்ள மின்னணுச் சாதனங்களையும் கெடுக்கும். கழுவும்போதெல்லாம் ஒரு டம்ளர் நீரை மெல்ல ஊற்றி, அது பின் சக்கரத்தருகே கீழே வடிகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். பளபளப்பைவிட இச்சோதனை முக்கியம்.

தரையோடு ஒட்டிச் செல்லும் கார் ஆகையால் முன்புறத்தில் சிறு கற்கள் தெறித்துப் புள்ளி புள்ளியாகப் பூச்சு பெயரும். துத்தநாகம் பூசிய தகடு உடனே துருப்பிடிக்காது. எனினும் பெயர்ந்த இடத்தில் அதே நிறப் பெயின்டைக் குச்சி நுனியால் தொட்டுவைப்பது நல்லது. கழுவிய ஒரு மணி நேரத்தில் பிரேக் டிஸ்க்கில் செம்மஞ்சள் துரு தோன்றுவது கண்டு அஞ்ச வேண்டாம். அது வார்ப்பிரும்பின் இயல்பு. மெதுவாகத் தெருவைச் சுற்றி வந்து, சில முறை பிரேக்கை மிதித்தால் துருவும் ஈரமும் நீங்கும்.

ஒட்டிக் கொண்டவை

ஷாம்பூவுக்குப் போகாத அழுக்குகள் சில உண்டு. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் காய்ந்தால் பூச்சில் வடு விழும். கண்டவுடன் ஈரத் துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு, ஊறிய பின் தூக்கி எடுக்க வேண்டும். வெள்ளை உப்புப் புள்ளிகளுக்கு, நீரில் கலந்த வினிகர் போதும். அசெட்டிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துவிடும். பிறகு நல்ல நீரால் கழுவிவிடுங்கள்.

பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள்கள் சக்கரத்தில் ஒட்டித் துருவேறும். ‘அயர்ன் ரிமூவர்’ என்னும் திரவத்தைத் தெளித்தால் அவை ஊதா நிறமாகக் கரைந்து வழியும். அதிலுள்ள தயோகிளைக்கோலேட் உப்பு இரும்போடு சேர்ந்து அந்நிறத்தைத் தருகிறது. மயிர் நீக்கும் களிம்புகளில் உள்ளதும் இவ்வகைப் பொருளே, நாற்றமும் அப்படியே. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் தெளிப்பது நலம்.

இனி பாலிஷ். பாலிஷ் கீறலை நிரப்புவது என்று பலரும் நினைக்கின்றனர். மெய்யான பாலிஷ், கீறலின் ஆழம்வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து எடுத்துச் சமன் செய்கிறது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் குறையும். முன்னே சொன்ன 40, 50 மைக்ரான்தான் நம் மூலதனம். எடுத்தால் திரும்ப வராது. ஆகவே மாதந்தோறும் பாலிஷ் போடலாம் என்று அழைக்கும் கடைக்குப் போகாமலிருப்பதே காருக்குச் செய்யும் உதவி. அத்தானின் காருக்கு இம்மூன்று ஆண்டுகளில் ஒரே முறைதான் பாலிஷ் போட்டோம்.

மெழுகு அப்படியன்று, அது எதையும் எடுப்பதில்லை, மேலே ஒரு காப்பாக அமைகிறது. கார் மெழுகுகளில் பேர்பெற்றது கார்னௌபா. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து கிடைப்பது. வறட்சியில் ஓலையின் நீர் ஆவியாகிப் போகாமல் காக்க அம்மரம் தனக்கென்று செய்துகொண்ட கவசம் அது. மெழுகிட்ட காரில் நீர் முத்து முத்தாக நிற்பதைக் கண்டு தாமரை இலையை நினைப்போம். ஆனால் தாமரை இலையில் மெழுகோடு நுண்ணிய மேடுகளும் இருப்பதால் நீர்த்துளி ஏறக்குறைய முழு உருண்டையாகி, தூசியையும் சேர்த்துக்கொண்டு உருண்டோடிவிடும். காரில் மேடுகள் இல்லை. முத்துகள் நின்ற இடத்திலேயே நின்று காயும். ஒவ்வொரு முத்தும் ஓர் உப்புப் புள்ளியை விட்டுச் செல்லும். எனவே மெழுகிட்ட காரையும் ஒற்றி உலர்த்தியே ஆகவேண்டும். இப்போது பெயர்பெற்றிருக்கும் செராமிக் பூச்சு மெழுகைவிட நெடுநாள் உழைக்கும். ஆயினும் மணலோடு துணியை இழுத்தால் அதன்மேலும் கீறல் விழும்.

கழுவி முடிந்தபின் வாளிகளில் எஞ்சும் அழுக்கு நீரை எங்கே கொட்டுவது? வாசலிலுள்ள மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள். அது சுத்திகரிப்பின்றி ஏரிக்குச் செல்லும். கழிவுநீரும் சோப்பு நீரும் கலந்த பெல்லந்தூர் ஏரியில் 2015ஆம் ஆண்டில் நுரை பொங்கிச் சாலைக்கே வந்ததைப் பெங்களூரார் மறந்திரார். வீட்டுக் குளியலறைச் சாக்கடையில் கொட்டினால் அது கழிவுநீர்க் குழாய் வழியே செல்லும்.

கார் இல்லாத நண்பர்கள் இம்முறையை இன்று மாலையே தலைக்கவசத்தின் கண்ணாடியில் செய்து பார்க்கலாம். முதலில் ஒரு துளி ஷாம்பூ நீரில் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு நீரை ஊற்றுங்கள். அதன்பின், இன்னும் அழுக்கு இருந்தால் மட்டும், துணியை எடுங்கள். பெரும்பாலும் துணிக்கு வேலை இராது.